பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்

ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் கடலோடு சம்பந்தப்படாதவை குறைவு. எல்லை தாண்டி வந்து பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள், அறுத்தெறியப்பட்ட வலைகள், நெடுந்தீவிலிருந்து களவாகக் கரைசேர்ந்த மாட்டிறைச்சி. மிச்சம், வெளிநாடு போனவர்கள் புங்குடுதீவில் விட்டுச்சென்ற காணிகளின் எல்லைச் சண்டை. என் தொழில் வாழ்க்கை இவற்றோடுதான் கழிந்திருக்கிறது. மருத்துவக் கவனக்குறைவு என்று தலைப்பிட்ட ஒரு கோப்பு என் அலுமாரிக்குள் வந்தது 2023ஆம் ஆண்டின் கடைசியில். அந்தக் கோப்பு நீதிமன்றப் படி ஏறவேயில்லை. ஆனாலும் சட்டம் எதைத் தரும், எதைத் தராது என்பதை அதைப்போல வேறெந்த வழக்கும் எனக்குக் காட்டவில்லை. பெற்றோரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர்களை இனங்காட்டும் விபரங்களையும் வைத்தியசாலையின் பெயரையும் விட்டுவிட்டேன்.

வந்தவர் நெடுந்தீவைச் சேர்ந்த இளம் கடற்றொழிலாளி. மாவிலித்துறையில் காலைப் படகேறி, குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியாக பஸ் பிடித்து வந்திருந்தார். வாடைக் காற்று தொடங்கிவிட்ட காலம். சட்டையின் ஒரு பக்கம் கடல் தண்ணீரில் நனைந்து உப்புப் பூத்திருந்தது. கூடவே மாமியார். அவர் மடியில் ஒரு பிளாஸ்ரிக் உறை. அதற்குள் மகளின் கர்ப்பகாலப் பதிவு அட்டை, பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு. இரண்டு பதிவுகளுக்கும் இடையில் பதினொரு நாள்.

"ஐயா, பிள்ளைக்குச் சீனி வருத்தம் எண்டு சொல்லி இன்சுலின் போட்டவை. பிறந்து மூண்டு நாள் பிள்ளைக்குச் சீனி வருத்தம் வருமோ?"

தகப்பன் கேட்டு முடிப்பதற்குள் ஆச்சி குறுக்கிட்டார். "தம்பி, எனக்கு இருபது வருசமாச் சீனி வருத்தம். காலமை இருபது, பின்னேரம் பத்து போடுறன். அந்த மருந்தின்ர குணம் எனக்குத் தெரியும். ஒரு நேரம் சாப்பிடாமப் போட்டாலே கண் இருட்டி விழுத்திப்போடும். அதைக் கொண்டுபோய் அந்தக் குஞ்சுக்குப் போட்டிருக்கினம்."

நடந்தது இதுதான். மனைவி ஆறாம் மாதக் கர்ப்பத்தோடு, அக்காவின் வீட்டு விசேடத்துக்காக மாகாணத்துக்கு வெளியே போயிருக்கிறார். போன இடத்தில் நோ கண்டுவிட்டது. 26 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை, நிறை 780 கிராம். பெரிய அரச வைத்தியசாலை ஒன்றின் பி.பி.யூ.வில், அதாவது குறைமாதக் குழந்தைகள் பிரிவில், வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு இன்சுலின் ஏற்றப்பட்டிருக்கிறது. மறுநாள் காலை தாய் பால் எடுத்துக்கொண்டு போனபோது, "இரவு சீனி நல்லாக் குறைஞ்சு போச்சு, இப்ப பரவாயில்லை" என்று ஒரு தாதி சொல்லியிருக்கிறார். பதினோராம் நாள் குழந்தை இறந்துவிட்டது.

இதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாத இடத்தை நிரப்ப லண்டனிலிருந்து ஒரு குரல் வந்தது. தகப்பனின் சிறிய தந்தை ஒருவர் அங்கே இருக்கிறார். இங்கிலாந்தின் செஸ்டர் நகர வைத்தியசாலையில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் குறைமாதக் குழந்தைகளைக் கொன்றதாக லூசி லெற்பி என்ற தாதி குற்றவாளியாகக் காணப்பட்டது 2023 ஓகஸ்ட்டில். இரண்டு குழந்தைகளுக்கு இரகசியமாக இன்சுலின் ஏற்றிக் கொல்ல முயன்றதும் அந்தக் குற்றங்களில் அடக்கம். மாதக்கணக்காக அங்குள்ள தொலைக்காட்சிகளில் அதுதான் பேச்சு. குழந்தை இறந்த செய்தி கேட்டதும் சிறிய தந்தை தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: "இது கொலை. விடக்கூடாது. செலவை நான் பாக்கிறன்."

துக்கத்தோடு ஒரு விளக்கமும் சேர்ந்து வந்துவிட்டால் மனிதர் அந்த விளக்கத்தைத்தான் இறுகப் பிடிப்பார்கள். என்ன நடந்தது என்று முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு அவ்வளவு வலு வந்திருக்காது.

நான் முதலில் கேட்டது பெட் ஹெட் ரிக்கெற்றை. நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொடங்கி, கட்டளைகள், அளவீடுகள், தாதியர் குறிப்புகள் எல்லாம் சேரும் கட்டு அது. மருத்துவ வழக்கில் அதைப் படிக்காமல் வாய் திறக்கக்கூடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தகப்பனின் கையொப்பத்தோடு விண்ணப்பம் அனுப்பினோம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நினைவூட்டல் கடிதங்களுக்குப் பிறகு பிரதி வந்தது. மங்கலான போட்டோப் பிரதி. ஆனால் பக்கங்கள் எல்லாம் இருந்தன.

அதைப் படிக்க எனக்கு உதவியவர் என் பள்ளித் தோழர், ஓய்வுபெற்ற குழந்தை வைத்தியர். என் கந்தோருக்கு வந்தபோது தன் பையிலிருந்து ஆச்சி போன்றவர்கள் பாவிக்கும் சாதாரண இன்சுலின் சிறிஞ்ச் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு மில்லிலீற்றர் கொள்ளும் மெல்லிய குழாய், அதில் 100 கோடுகள். ஒரு கோடு ஒரு அலகு.

"இந்த ஒரு கோட்டைப் பார்," என்றார். "வைத்தியர் எழுதியிருக்கிறது ஒரு கிலோ நிறைக்கு மணித்தியாலத்துக்கு 0.05 அலகு. பிள்ளை 780 கிராம். அப்ப மணித்தியாலத்துக்கு 0.039 அலகு. இருபத்திநாலு மணித்தியாலம் தொடர்ந்து போனாலும் இந்த ஒரு கோடு நிரம்பாது."

அந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே எனக்கு மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. சிறு போத்தலில் வரும் இன்சுலினின் ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு இருக்கிறது. அதிலிருந்து இவ்வளவு சிறிய அளவை நேரே உறிஞ்சி எடுக்க எந்தக் கையாலும் முடியாது. ஆகவே உப்புநீரில் ஐதாக்கி, ஐதாக்கியதைத் திரும்பவும் ஐதாக்கி, பம்பில் வைத்துத் துளித்துளியாக விடுகிறார்கள். ஐதாக்கும்போது ஒரு தசமப் புள்ளி தவறினால் பத்து மடங்கு. போதாக்குறைக்கு இன்சுலின் பிளாஸ்ரிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. முதல் மணித்தியாலங்களில் குழந்தைக்குப் போய்ச் சேர்வது கட்டளையில் உள்ளதைவிடக் குறைவாகவும், சுவர் நிறைந்த பிறகு சடுதியாகக் கூடவும் செய்யலாம். அதனால்தான் மருந்தை முதலில் குழாய்க்குள் ஓடவிட்டு ஊறவைத்துவிட்டுப் பிறகு தொடங்குவார்கள். கையெழுத்திலும் ஆபத்து உண்டு. அலகு என்பதற்கு ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் போட்டால் அவசரத்தில் அது பூச்சியமாகத் தெரியும். 4 அலகு 40 ஆகிவிடும். முழுச் சொல்லையும் எழுதவேண்டும் என்பது உலகெங்கும் வற்புறுத்தப்படும் விதி. எங்கள் பிரதியில் முழுச் சொல்லும் எழுதப்பட்டிருந்தது. ஐதாக்கியதற்கு இரண்டு கையொப்பங்களும் இருந்தன. தோழர் அந்த இரண்டு இடங்களையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

ஆச்சியின் கேள்விக்கு அவர் தந்த பதிலை நான் பிறகு அந்தக் குடும்பத்துக்குப் பலமுறை சொன்னேன். இது நாங்கள் அறிந்த சீனி வருத்தம் இல்லை. 40 வாரம் இருக்கவேண்டிய கருப்பையிலிருந்து 26இல் வெளியே வந்த பிள்ளை வாயால் உண்ண முடியாது. தொப்புள் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் கொடுத்தே உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கொடுக்கும் குளுக்கோசைக் கையாளக் கணையம் இன்னும் பக்குவப்பட்டிருக்காது. வெளியிலிருந்து போதிய குளுக்கோஸ் வந்தாலும் ஈரல் தன் பங்குக்கு உண்டாக்குவதை நிறுத்தாது. சுவாச இயந்திரம், ஊசிகள், கிருமித் தொற்று என்று உடல் படும் பாடு எல்லாமே இரத்தத்தில் சீனியை ஏற்றும். ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் இது அடிக்கடி காணப்படுவது. சீனி மிக ஏறினால் சிறுநீரோடு தண்ணீரும் உப்பும் போய் உடல் வற்றும். அப்படிச் சீனி ஏறிய குழந்தைகளில் மூளையில் இரத்தக் கசிவும் மரணமும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். சீனிதான் அதற்குக் காரணமா, அல்லது ஏற்கெனவே நலிந்த குழந்தைகளில்தான் சீனி ஏறுகிறதா என்ற கேள்வி இன்னும் மருத்துவ உலகில் முடியவில்லை.

இன்சுலின் முதல் மருந்து இல்லை. முதலில் அளவீடு சரியா என்று பார்க்கவேண்டும். குளுக்கோஸ் ஏறும் குழாய்க்குக் கிட்ட இரத்தம் எடுத்தால் பொய்க் கணக்கு வரும். பிறகு குளுக்கோஸ் ஏறும் வேகத்தைக் குறைக்கவேண்டும். கிருமித் தொற்று உண்டா என்று தேடவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சீனி டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேலேயே தொடர்ந்து நின்றால்தான் இன்சுலினை யோசிப்பார்கள். அதற்கு இன்னும் உயர்ந்த எல்லையை வைத்திருக்கும் வைத்தியர்களும் உண்டு. எங்கள் குழந்தையின் தாளில் இந்தப் படிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. மூன்றாம் நாள் காலை 212. மற்றக் குதிக்காலில் குத்தி மறுபடி எடுத்தது 224. குளுக்கோஸ் குறைப்பு. மத்தியானம் 236. மேலும் குறைப்பு. இரவு 268. விசேட வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டு இன்சுலின் கட்டளை. தொடங்கிய நேரம் இரவு 10.10. கட்டளையின் அடியில் ஒரு வரி: சீனி அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்கவும்.

அடுத்த அளவீடு எழுதப்பட்ட நேரம் 2.05. அளவு 31.

பக்கத்தைப் புரட்டினோம், முன்னும் பின்னும் தேடினோம். 10.10க்கும் 2.05க்கும் நடுவில் சீனி பற்றி ஒரு எழுத்தும் இல்லை. பிறந்த குழந்தைக்கு 47க்குக் கீழே போனாலே கவனிக்கவேண்டும் என்பார்கள். 31ஐக் கண்டதும் இன்சுலின் நிறுத்தப்பட்டு, குளுக்கோஸ் மெதுவாக ஏற்றப்பட்டு, 2.35க்கு 58, 3.05க்கு 84. அந்த ஒரு மணித்தியாலத்து வேலை ஒழுங்காகவே நடந்திருக்கிறது. ஆனால் 31க்குச் சீனி எத்தனை மணிக்கு இறங்கியது, எவ்வளவு நேரம் அங்கே கிடந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

தோழர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "கட்டளை பிழையில்லை. மருந்து பிழையில்லை. அளவு பிழையில்லை. இந்த நாலு மணித்தியாலம் பிழை."

பிறகு எட்டாம் நாளுக்குப் போனார். அதுவரை சீனி ஒழுங்காக நின்றிருக்கிறது. ஏழாம் நாள் எடுத்த மூளை ஸ்கானில் இரத்தக் கசிவு இல்லை. எட்டாம் நாள் குளுக்கோசில் ஒரு மாற்றமும் செய்யாமலே சீனி 240க்குப் பாய்ந்திருக்கிறது. அந்த நேரக் குறிப்பில் இளம் வைத்தியர் ஒருவர் கிருமித் தொற்று என்று சந்தேகித்து எழுதி, இரத்தம் வளர்ப்புக்கு அனுப்பி, மருந்தை மாற்றியிருக்கிறார். மற்ற அறிகுறிகள் தெரியும் முன்னரே ஏறும் சீனி தொற்றைக் காட்டிக்கொடுப்பது உண்டு. அதை அவர் படித்திருக்கிறார். இருந்தும் குழந்தை தாங்கவில்லை. இறந்த பிறகு வந்த அறிக்கையில் இரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தது. இந்த இளம் வைத்தியரின் நான்கு வரிகளை நான் தகப்பனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். தன் பிள்ளையை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பதும் அவர் அறியவேண்டிய உண்மைதான்.

லண்டன் சிறிய தந்தை தொலைபேசியில் என்னோடும் பேசினார். சி-பெப்டைட் சோதனை எடுத்தார்களா என்பது அவர் கேள்வி. செஸ்டர் வழக்கின் இன்சுலின் குற்றச்சாட்டுகள் அதில்தான் தங்கியிருந்தன. கணையம் இன்சுலினை உண்டாக்கும்போது அதோடு சம அளவில் சி-பெப்டைட் என்ற துண்டும் இரத்தத்துக்குள் வரும். வெளியிலிருந்து ஏற்றும் இன்சுலினில் அது இல்லை. இரத்தத்தில் இன்சுலின் மிகக் கூடவும் சி-பெப்டைட் மிகக் குறையவும் இருந்தால் யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்று வாதிடலாம். அங்கே அந்த வாதத்துக்கு வலுவூட்டியது, அந்தக் குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் எந்த வைத்தியரும் இன்சுலின் எழுதியிருக்கவில்லை என்பது. இங்கே எழுதிய கட்டளை இருக்கிறது, நேரம் இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. சோதனை எடுத்திருந்தாலும் அது ஏற்கெனவே தாளில் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். "அண்ணை, ஒளிச்சுச் செய்தவை இப்பிடி எழுதி வைச்சிருக்க மாட்டினம்," என்றேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னாளில், 2025 பெப்ரவரியில், கனடாவின் பேராசிரியர் ஷூ லீ தலைமையில் கூடிய பன்னாட்டு நிபுணர் குழு செஸ்டர் வழக்கில் கொலைக்கான மருத்துவச் சான்று எதையும் தாங்கள் காணவில்லை என்று அறிவித்தது. அந்த இரத்தச் சோதனைகளை வாசித்த விதமும் கேள்விக்குள்ளாகியது. தீர்ப்பு இன்னும் அப்படியே நிற்கிறது. குறைமாதக் குழந்தையின் ஒரு துளி இரத்தத்தில் உள்ள எண்ணை வைத்து நீதிமன்றம் முடிவு கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த வழக்கு காட்டுகிறது.

இனி என் துறை. அரச வைத்தியசாலைக்கு எதிராக நட்டஈடு கேட்பதென்றால் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கவேண்டும். அதற்கு முன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்கவேண்டும். காலவிதிப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். இவை எல்லாம் செய்யக்கூடியவை. பெரிய சுவர் வேறு இடத்தில் இருக்கிறது. மருத்துவக் கவனக்குறைவைப் பற்றிப் பேசும் எந்த இலங்கைச் சட்டத்தரணியும் பேராசிரியர் பிரியானி சொய்சா எதிர் ரியன்சி அர்சகுலரத்ன வழக்கைத் தாண்டிப் போக முடியாது. நாட்டின் பெயர்பெற்ற குழந்தை வைத்தியர் ஒருவர்மீது, மூளைத் தண்டில் கட்டி வந்து 1992இல் இறந்த சிறுமியின் தகப்பன் தொடுத்த வழக்கு. நோயை வேறொன்றாகக் கணித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. உயர் நீதிமன்றம் 2001இல் வழக்கையே தள்ளுபடி செய்தது. சரியாகக் கணித்திருந்தாலும் அந்தக் கட்டியிலிருந்து சிறுமி தப்பியிருப்பாள் என்று நிரூபிக்கப்படவில்லை. கவனக்குறைவுக்கும் மரணத்துக்கும் இடையில் காரணச் சங்கிலி இல்லை. எங்கள் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி பிள்ளையை இழந்த பெற்றோரின் பாசத்துக்கு விலையும் இல்லை, பண இழப்புக்குத்தான் பரிகாரம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இரண்டாவது கதவைப் பாராளுமன்றம் பிறகு திறந்துவிட்டது. ஒருவரின் மரணத்துக்காக நட்டஈடு பெறுவது பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், இழந்த அன்புக்காகவும் மனவேதனைக்காகவும் பெற்றோர் கேட்க வழிசெய்கிறது. நல்ல சட்டம். இன்னும் கூடுதலாகப் பாவிக்கப்படவேண்டிய சட்டம். ஆனால் முதலாவது கதவு அப்படியே பூட்டிக் கிடக்கிறது. மரணத்துக்குக் காரணம் அந்தக் கவனக்குறைவுதான் என்று காட்டியே ஆகவேண்டும். எங்கள் குழந்தை நான்காம் நாள் காலை மீண்டுவிட்டது. இறந்தது பதினோராம் நாள், கிருமியால். நடுவில் எடுத்த ஸ்கான் சுத்தமாக இருக்கிறது. அந்த நான்கு மணித்தியாலத்தை நீதிமன்றத்தில் நான் முழுமையாக நிரூபித்தாலும் தோற்றுப்போவேன்.

மருத்துவ விஞ்ஞானமும் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே இன்சுலின் கொடுத்தால் நன்மையா என்று ஐரோப்பாவில் பெரிய ஆய்வொன்று நடந்தது. கேம்பிரிட்ஜின் கத்ரின் பியர்ட்சோல் முதலானோர் 389 குழந்தைகளை வைத்துச் செய்து 2008இல் வெளியிட்டது. எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்ததில் எதிர்பார்த்த நன்மை வரவில்லை. சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியது இன்சுலின் பெற்றவர்களில் 29 வீதம், பெறாதவர்களில் 17 வீதம். முதல் 28 நாட்களுக்குள் மரணங்களும் இன்சுலின் பெற்றவர்களில் கூடத் தெரிந்தன. ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். அதற்காக யாரும் இன்சுலினைக் கைவிடவில்லை. எல்லோருக்கும் வேண்டாம், வேறு வழியில்லாத குழந்தைக்கு மட்டும், கண்ணை எடுக்காமல் என்ற இடத்துக்கு வந்தார்கள். அந்த ஆய்வை எதிர்த் தரப்பு எடுத்து வைத்தால், மிகச் சிறந்த வைத்தியசாலைகளில் ஆராய்ச்சிக் கண்காணிப்பின் கீழேயே சீனி இறங்கியிருக்கிறது என்று சொல்லும். நான் எடுத்து வைத்தால், அதனால்தான் அரை மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள் என்பேன். இருவரும் சொல்வது உண்மை. அந்த உண்மை மரணத்துக்கான காரணத்தைத் தொடவில்லை.

ஆகவே வழக்குக்கு முன், வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு வேறொரு கடிதம் எழுதினேன். நட்டஈடு கேட்கவில்லை. பெற்றோரை அழைத்து, பெட் ஹெட் ரிக்கெற்றை முன்னால் வைத்து, பதினொரு நாளையும் அவர்களுக்கு விளக்கவேண்டும், 10.10க்கும் 2.05க்கும் இடையில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். இந்த இரண்டு கோரிக்கைதான். அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் விசேட வைத்தியரே தொலைபேசியில் பேசி நாள் குறித்தார்.

அன்றுதான் தாயை முதல்முறை பார்த்தேன். பிள்ளையை இழந்து ஊர் திரும்பியதிலிருந்து அவர் தீவைவிட்டு வெளியே வந்திருக்கவில்லை. விசேட வைத்தியர் நடுத்தர வயதுப் பெண்மணி. பக்கம் பக்கமாகச் சொன்னார். சிங்களம் கலந்த தமிழ். விளங்காத இடத்தில் தாதி ஒருவர் எடுத்துச் சொன்னார். ஏன் இன்சுலின் என்பதைச் சொன்னபோது ஒரு சிறிய குளுக்கோஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். நான்கு மணித்தியாலத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தவில்லை, சுற்றி வளைக்கவுமில்லை.

"அதைப் பாத்திருக்க வேணும். பாக்கேல்லை. அண்டைக்கு இரவு ஆறு பிள்ளையளுக்கு ஒரு நேர்ஸ். பதினொண்டரைக்கு மற்றப் பிள்ளை ஒண்டு மூச்சு விடாமப் போட்டுது. அந்தப் பிள்ளையோட டொக்டரும் நேர்சும் ரெண்டு மணி மட்டும் நிண்டவை."

தாய் கேட்டார்: "அந்தப் பிள்ளை தப்பினதோ?"

"ஓம். வீட்டை போட்டுது."

தாய் தலையாட்டினார். பிறகு அந்த மேசையில் இருந்த எவரும் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டார். சீனி இறங்கினபோது பிள்ளைக்கு நொந்திருக்குமா? வைத்தியர் உடனே பதில் சொல்லவில்லை. பசித்த பிள்ளை சோர்ந்து நித்திரையாவதுபோல இருந்திருக்கும், வலி என்று இருந்திருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாக எனக்குத் தெரியாது என்றார். என் தொழிலில் எத்தனையோ நிபுணர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவு நேர்மையான பதில் அங்கே அரிது. குறுக்கு விசாரணைக்குப் பயந்து பேசும் இடத்தில் அப்படிப் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது தகப்பன் வழக்கைப் பற்றிக் கேட்டார். சட்டப்படி உள்ளதைச் சொன்னேன்: போடலாம், இன்னும் காலம் இருக்கிறது, வெல்வது கடினம். லண்டன் சிறிய தந்தை இன்னும் போடச் சொல்கிறார் என்றார். முடிவெடுத்தது தாய்.

"காசுக்கு வழக்கு வேண்டாம் ஐயா. என்ர பிள்ளையைக் கொண்டவை எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சம். அது இல்லை எண்டு இப்ப தெரியும். ஆனா ஆறு பிள்ளையளுக்கு ஒரு ஆள் எண்டு அந்த அம்மா சொன்னவ. அதை ஆரிட்டைச் சொல்லுறது? அதுக்கு ஒரு வழக்கு இருக்கோ?"

அதற்கு நேரடியான வழக்கு இல்லை. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு உண்டு. ஆனால் ஒரு மாதத்துக்குள் போடவேண்டியது, அது எப்போதோ கடந்துவிட்டது. நெடுந்தீவில் 26 வாரத்தில் நோ கண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தாய் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கடற்படைப் படகில், வாடைக் கடலில் குறிகாட்டுவான். அங்கிருந்து அம்புலன்சில் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம். அப்படிப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோகச் சிறந்த இடம் தாயின் வயிறுதான் என்பார்கள் வைத்தியர்கள். வழியில் பிறந்துவிட்டால் படகில் எதுவும் இல்லை. தீவிலிருந்து உயிரோடு கரை சேர்ந்த பிள்ளை, கடைசியில் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் நான்கு மணித்தியாலம் கிடக்கக்கூடாது. இதை நான் எழுதிக்கொண்டேயிருப்பேன்.

தாயின் பெயரில் சுகாதார அமைச்சுக்கு ஒரு மனு தயாரித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குறைமாதப் பிரிவுகளில் இன்சுலின் ஏறும் குழந்தை ஒன்று இருந்தால், அந்தக் குழந்தைக்கு அந்த இரவு தனியாக ஒரு தாதி வேண்டும். அளவீட்டுத் தாளின் பிரதியைப் பெற்றோர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்காமல் பெறவேண்டும். பிள்ளை இறந்தால் ஒரு மாதத்துக்குள் விசேட வைத்தியர் பெற்றோரை அழைத்து விளக்கவேண்டும். மூன்றாவதைத் தாய்தான் சேர்க்கச் சொன்னார். எங்களைக் கூப்பிட்டதுபோல எல்லோரையும் கூப்பிடவேண்டும் என்றார்.

மனு கிடைத்தது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. வழக்குப் போடும் இரண்டு ஆண்டுக் காலம் முடிந்துவிட்டது. நான் தயாரித்து வைத்த வழக்குரையைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன், மனுவை எடுக்கவில்லை. புதிய திகதி போட்டு, அதே மூன்று கோரிக்கையோடு, அமைச்சுக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் திரும்ப அனுப்பியிருக்கிறேன்.